பெர்கோலாவுக்கு ஷீட் கூரை: தூணின் அடியிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுக்குப் பின்னால் பெர்கோலா (தூண்களின் மேல் இடைவெளி விட்டுச் சட்டங்கள் வைத்த, கூரையில்லாத பந்தல்) போட்ட எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும் ஆசைதான் இது. கோடு கோடாக நிழல் விழுகிறது, பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் மழை வந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டியிருக்கிறது, சித்திரை வெயிலில் மத்தியானம் அங்கே உட்காரவே முடியவில்லை. அப்போதுதான் மேலே நாலு ஷீட் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். போடலாம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டின் பின்பக்கம் நானே போட்டேன். 10 அடிக்கு 12 அடி, நாலு தூண், இரும்பு பைப்பில் செய்த பெர்கோலா. வெல்டிங்குக்கு மட்டும் ஒரு நாள் ஆள் வைத்தேன், மற்றதெல்லாம் நானும் என் மைத்துனரும் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடித்தோம்.

ஷீட் போடுவது இதில் கடைசி இரண்டு நாள் வேலை. மற்ற நாளெல்லாம் தூணுக்கும் இணைப்புக்கும் போனது, அப்படித்தான் போக வேண்டும். ஏனென்று சொல்கிறேன்.

கூரை விழாது, பறக்கும்

பெர்கோலா என்பது காற்றும் மழையும் ஊடே போய்விடட்டும் என்று செய்த பொருள். அதன் மேல் ஷீட் வைத்த நிமிடத்தில் அது கப்பலின் பாய் ஆகிவிடுகிறது. நம்மில் பலர் "பாரம் தாங்குமா" என்று கேட்கிறோம், ஆனால் 0.5 மி.மீ. தகர ஷீட் இந்த அளவு கூரைக்கு மொத்தமே 60 கிலோ சுற்றித்தான் வரும், அதை எந்தப் பெர்கோலாவும் தாங்கும். கேட்க வேண்டிய கேள்வி, கீழே இருந்து காற்று தூக்கினால் பிடித்து வைத்துக்கொள்ளுமா என்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்று வைக்கிறது, அதாவது மணிக்கு 180 கி.மீ. காற்றின் அழுத்தம் என்பது வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் வருவது: 1500 நியூட்டன், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. விளிம்பு நீட்டலோடு சேர்த்து 11 அடிக்கு 13 அடிக் கூரை 13 சதுர மீட்டர் சொச்சம். பெருக்கிப் பாருங்கள், தூக்கும் விசை கிட்டத்தட்ட 2 டன். கோவை, மதுரைக்கு 39 மீட்டர் வேகம் என்பதால் அங்கே 1.2 டன் சுற்றி வரும். ஊருக்குள் கட்டடமும் மரமும் காற்றை மறைப்பதால் இது குறையலாம், கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் இதைவிடக் கூடவும் செய்யும். துல்லியமான வடிவமைப்புக் கணக்கு இது இல்லை, எந்த அளவுப் பூதத்தோடு மோதுகிறோம் என்று தெரிந்துகொள்ள இது போதும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று எங்கள் தெருவில் ஒரு கார் ஷெட் அப்படியே எழுந்து எதிர்வீட்டு மதிலில் சாய்ந்தது. ஷீட் ஒன்றுகூடப் பிய்யவில்லை, ஸ்க்ரூ எல்லாம் கச்சிதமாக இருந்தது. தூண்கள்தான் மண்ணிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தன, ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு குடம் அளவுக்கு கான்கிரீட் உருண்டை தொங்கிக்கொண்டிருந்தது. என் பெர்கோலாவின் கீழே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க எனக்கு அந்தக் காட்சிதான் காரணம்.

முதலில் தோண்டிப் பாருங்கள்

ஒரு தூணைச் சுற்றி ஒன்றரை அடி ஆழம் கடப்பாரையால் தோண்டுங்கள். பெரும்பாலும் ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு கான்கிரீட் கட்டி இருக்கும். அதன் எடை 100 கிலோ. நாலு தூணுக்கும் சேர்த்து 400 கிலோ. தூக்கும் விசை 2 டன் என்று மேலே பார்த்தோம்.

தோண்டும்போதே தூணின் அடியையும் பாருங்கள். மண்ணும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில்தான் இரும்பு முதலில் துரு ஏறும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், டொக்கென்று கேட்டாலோ துரு பட்டை பட்டையாக உதிர்ந்தாலோ அந்தத் தூணின் கீழ்ப்பகுதியை வெட்டிப் புதுப் பைப் ஒட்ட வேண்டும். பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள், அது உள்ளேயிருந்து தின்றுகொண்டு வருவது. தூண் 3 அங்குலத்துக்கு 3 அங்குலம், 3 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலப் பைப்பில் கொடி படர்வதற்காக வைத்த அலங்காரப் பெர்கோலா என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் புதிதாகத் தூண் நட்டு ஆரம்பிப்பதே மேல்.

மேலே ஏறிப் பார்க்க வேண்டியது இன்னொன்று: மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் எவ்வளவு தூரத்தில் போகிறது? 11 அடி ஷீட்டைத் தூக்கித் திருப்பும்போது அது எங்கே போய் முட்டும் என்பது நம் கையில் இருக்காது. ஒயர் பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி நகர்த்திய பிறகுதான் வேலை.

அப்புறம் அனுமதி. மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே விட வேண்டிய காலியிடத்தில்தான் நம் பெர்கோலாக்கள் நிற்கின்றன. திறந்த சட்டமாக இருந்தபோது யாரும் கேட்காததை, கூரை போட்டதும் கேட்கலாம். உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் விழக்கூடாது, அதில் விவாதமே கிடையாது.

அடித்தளத்தைப் பெரிதாக்குவது

நான் செய்தது இது. ஒவ்வொரு தூணைச் சுற்றியும் 2 அடிக்கு 2 அடி, இரண்டரை அடி ஆழம் குழி. பழைய கான்கிரீட்டை உடைத்து எடுக்கவில்லை, அதன் பக்கங்களை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினேன், புது கான்கிரீட் பிடிக்க அது வேண்டும். பழைய கட்டிக்கு மேலே, தூணின் நாலு பக்கமும் 12 மி.மீ. கம்பித் துண்டுகளைக் குறுக்காக வெல்டு பண்ணச் சொன்னேன், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம். தூண் வழுக்கிக்கொண்டு மேலே வராமல் இந்தக் குறுக்குக் கம்பிகள்தான் புது கான்கிரீட்டோடு கட்டிப் போடுகின்றன. பிறகு சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவை, முக்கால் அங்குல ஜல்லி. ஒரு குழிக்கு இரண்டு மூட்டை சிமென்ட் பிடித்தது. இப்போது ஒவ்வொரு அடித்தளமும் 680 கிலோ, நாலும் சேர்ந்து 2.7 டன். சுற்றியிருக்கும் மண்ணின் பிடிப்பு இதற்கு மேல் கிடைக்கும் உபரி.

நாலு குழியையும் ஒரே நேரத்தில் தோண்டிவிடாதீர்கள், பெர்கோலா சாயும். ஒன்றைத் தோண்டி, தூணுக்குச் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, தூக்குக்குண்டு வைத்து நேராக இருக்கிறதா பார்த்து, கான்கிரீட் போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து எதிர்மூலைக்குப் போங்கள். கான்கிரீட்டின் மேல்முகத்தைத் தரைமட்டத்துக்கு 3 அங்குலம் மேலே கொண்டுவந்து தூணிலிருந்து வெளியே சரிவாகத் தேய்த்துவிடுங்கள், தண்ணீர் தூண் அடியில் தேங்காது. சாக்கு போட்டு ஏழு நாள் தண்ணீர் ஊற்றுங்கள். ஷீட் ஏற்ற இரண்டு வாரமாவது பொறுங்கள்.

உங்கள் தூண்கள் கான்கிரீட் தளத்தின் மேல் பேஸ் பிளேட் (தூணின் அடியில் வெல்டு பண்ணிய இரும்புத் தகடு) வைத்து போல்ட் போட்டவை என்றால் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். 4 அங்குலத் தளத்தில் இரண்டு அங்குலம் இறங்கிய போல்ட் தூக்கும் விசைக்கு நிற்காது. தூண் இருக்கும் இடத்தில் தளத்தை வெட்டி, மேலே சொன்னபடி குழி எடுத்து, அடிமுனை கொக்கிபோல் வளைந்த நீளமான ஜே போல்ட்டைக் கான்கிரீட்டில் புதைத்து மறுபடி பூட்டுவதே வழி.

எந்த ஷீட்

ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் மலிவு, கடையில் இன்னும் கிடைக்கிறது. வாங்காதீர்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் துளை போடும்போது பறக்கும் தூசியைச் சுவாசிக்கப்போவது நீங்களும் பக்கத்தில் நின்று பிடிக்கும் உங்கள் வீட்டு ஆளும்தான். பழைய வீட்டிலிருந்து கழற்றிய ஷீட் சும்மா கிடக்கிறதே என்று அதை எடுத்து மாட்டுவதும் கூடாது.

மங்களூர் ஓடு மனத்துக்கு இதமானது, ஆனால் சதுர மீட்டருக்கு 40 கிலோ தாண்டும், செங்குத்தான சரிவும் கேட்கும். அதற்குப் பெர்கோலா போதாது.

மிச்சம் இரண்டு. கலர் கோட்டட் இரும்பு ஷீட், அல்லது வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் வகையான பாலிகார்பனேட். நான் 0.5 மி.மீ. கலர் ஷீட்டைத் தேர்ந்தெடுத்தேன், வெள்ளை நிறம். நிறத்தில் ஆசைப்பட்டுக் கரும்பச்சையோ செங்கல் சிவப்போ வாங்கினால் மே மாதம் தெரியும், அடர்நிறம் வெயிலைக் குடித்துக் கீழே இருப்பவர் தலையில் இறக்கும். ஷீட்டுக்குக் கீழே வெள்ளிக் காகிதம் ஒட்டிய ஃபோம் ஒன்று சுருளாக விற்கிறார்கள், அதைப் பர்லின் (ஷீட்டைத் தாங்கக் குறுக்கே ஓடும் பைப்) மேல் விரித்து அதன்மேல் ஷீட் போட்டால் வெக்கையும் குறையும், மழைச் சத்தமும் குறையும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும் என்றாலும், கூரைக்குப் பக்கத்திலேயே படுக்கையறை ஜன்னல் இருப்பதால் போட்டேன்.

வீட்டுக்குள் வெளிச்சம் செத்துவிடும் என்ற கவலை நியாயமானது. நாலு ஷீட்டில் ஒன்றை மட்டும் அதே மடிப்பு வடிவில் வரும் பாலிகார்பனேட் ஷீட்டாக வாங்குங்கள், சமையலறை ஜன்னலுக்கு எதிரே வருகிற மாதிரி. முழுக்கப் பாலிகார்பனேட் போடுகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம்: புற ஊதாக் கதிர் தடுப்புப் பூச்சு உள்ள பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும், உறையில் அச்சிட்டிருப்பார்கள், தலைகீழாக மாட்டினால் சில வருடங்களில் மஞ்சளாகி நொறுங்கும். அடுத்தது, அது வெயிலில் நீளும். மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.065 மி.மீ., அப்படியென்றால் 11 அடி ஷீட் 40 டிகிரி ஏற்ற இறக்கத்தில் 8 மி.மீ.க்கு மேல் நீண்டு சுருங்கும். அதற்கு இடம்விட்டு, ஸ்க்ரூவைவிடப் பெரிதாகத் துளை போட்டு, அகலமான வாஷரோடு பூட்டுங்கள். உள்ளே குழல் குழலாக இருக்கும் வகையில், குழல்கள் சரிவோடு கீழ்நோக்கி ஓட வேண்டும், மேல்நுனியை அலுமினிய டேப்பால் முழுக்க மூடுங்கள், கீழ்நுனிக்குக் காற்றுப் போகும் டேப்.

அளவு எடுக்கும்போது: கலர் ஷீட் பொதுவாக ஒரு மீட்டர் அகலத்தை மூடும். 12 அடிக்கு நாலு ஷீட் போட்டால் 13 அடி வரும், இரண்டு பக்கமும் அரை அடி நீட்டல். நீளம் 11 அடி. கடையில் நீங்கள் சொல்லும் நீளத்துக்கே வெட்டித் தருவார்கள், அதனால் வீட்டில் வெட்டும் வேலையே வராதபடி அளவு கொடுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் கத்தரியால் வெட்டுங்கள். கிரைண்டர் வேண்டாம். அதன் சூடு வெட்டு விளிம்பின் பூச்சைக் கருக்கிவிடும், தெறிக்கும் பொறி ஷீட் முழுக்கப் பதிந்து ஒரே மழையில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும்.

சரிவும் சட்டமும்

பெர்கோலாவின் மேல்பக்கம் சமமட்டம். ஷீட்டுக்குச் சரிவு வேண்டும், அடிக்கு ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 10 அங்குலம். இதற்குக் குறைத்தால் தண்ணீர் மெதுவாக ஓடி, ஷீட் சேரும் இடத்தில் பின்னால் ஏறி ஒழுகும். சரிவு வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும், தாழ்ந்த பக்கத்தில் ஏழரை அடியாவது உயரம் இருக்க வேண்டும்.

வீட்டுப் பக்க விட்டத்தின் மேல் 10 அங்குல உயரக் குட்டைக் கால்கள் நாலு, 4 அடிக்கு ஒன்றாக. அந்தக் கால்களிலிருந்து எதிர்ப்பக்க விட்டத்துக்குச் சாய்வாக நாலு பைப், 3-க்கு 1½ அங்குலம். அவற்றின் மேல் குறுக்கே நாலு வரிசைப் பர்லின், 2-க்கு 1 அங்குலம், 2 மி.மீ. கனம், ஒவ்வொன்றும் 13 அடி நீளம். இரண்டு பர்லினுக்கு நடுவே 3 அடி 4 அங்குலம் வரும். 2 மி.மீ. கனம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள், 1.2 மி.மீ. பைப்பில் ஸ்க்ரூ சுற்றும், பிடிக்காது. இப்படிச் செய்ததில் பழைய பெர்கோலாச் சட்டங்கள் கீழே அப்படியே தெரிகின்றன, இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் முக்கோணமாகத் திறப்பு இருப்பதால் சூடான காற்று வெளியேறிவிடுகிறது.

மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும், தண்ணீர் நிரப்பிய அந்த நீளக் குழாயைவிட நம்பகமான கருவி எனக்குத் தெரியவில்லை. முதல் பர்லினுக்கும் கடைசிப் பர்லினுக்கும் நடுவே நூல் கட்டி, நடுப் பர்லின்கள் அந்த நூலைத் தொடுகிறபடி வையுங்கள். ஒரு பர்லின் அரை அங்குலம் ஏறியிருந்தாலும் ஷீட் அங்கே வளைந்து நிற்கும், ஸ்க்ரூ இறுக்கும்போது வாஷர் உட்காராது.

தூணும் விட்டமும் சேரும் மூலைகளில் 2 அடி நீளச் சாய்வு முட்டு வையுங்கள், ஒரு தூணுக்கு இரண்டு, இரண்டு திசைக்கும். காற்று மேலே தூக்குவதோடு நிற்காது, பக்கவாட்டிலும் ஆட்டும். எங்கள் வெல்டர் இது அழகைக் கெடுக்கும் என்றார். எனக்கு அந்த முட்டுகள்தான் இப்போது அழகாகத் தெரிகின்றன.

பழைய வெல்டுகளையும் அன்றைக்கே பாருங்கள். அலங்காரத்துக்காகச் செய்த பெர்கோலாவில் புள்ளி வெல்டு வைத்து நகர்ந்திருப்பார்கள், அவற்றையெல்லாம் முழுச் சுற்று வெல்டாக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, அன்று மாலையே துருத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர். பைப்பின் திறந்த வாய்களைத் தகடு வைத்து அடையுங்கள், உள்ளே தண்ணீர் போனால் அதை யாராலும் பார்க்க முடியாது. பெயின்ட் இரண்டு கோட்டும் ஷீட் ஏறுவதற்கு முன்பே, பிறகு பர்லினின் மேல்முகத்துக்குக் கை எட்டாது.

ஷீட் ஏற்றும் நாள்

காற்றில்லாத காலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர் கட்டாயம், கீழே ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. தடித்த கையுறை இல்லாமல் ஷீட்டைத் தொடாதீர்கள், விளிம்பு கத்தி. பாதுகாப்பு பிலிம் ஒட்டியிருந்தால் ஏற்றுவதற்கு முன்பே உரித்துவிடுங்கள், வெயில்பட்ட பிறகு உரிக்க வராது.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு ஷீட்டின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும், அந்தத் திறந்த விளிம்பு காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். சென்னையில் பெருமழை வடகிழக்கிலிருந்து அடிக்கும், அதனால் நான் தென்கோடியில் முதல் ஷீட்டை வைத்து வடக்கே நகர்ந்தேன். மேற்கே மலையோர ஊர்களில் தென்மேற்குக் காற்று பலமென்றால் இதைத் திருப்பிக்கொள்ளுங்கள். முதல் ஷீட் விட்டத்துக்குச் செங்கோணத்தில் இருக்கிறதா என்று 3-4-5 அடி முக்கோணம் போட்டுப் பாருங்கள், அதில் கால் அங்குலம் தவறினால் நாலாவது ஷீட்டில் ஓரம் கோணலாகத் தெரியும்.

கீழ்நுனி கடைசிப் பர்லினைத் தாண்டி 6 அங்குலம் நீளட்டும், அதற்கு மேல் வேண்டாம், நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கைத்தான் காற்று முதலில் பிடிக்கும்.

ஸ்க்ரூ: 55 மி.மீ. நீள செல்ஃப் டிரில்லிங் (தானே துளைத்துக்கொண்டு ஏறுவது), கறுப்பு ரப்பர் வாஷர் உள்ளது. நூறு வாங்குங்கள், இந்த அளவுக்குப் போதும். ஷீட்டின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அதன்மேலேயே ஓடும். முதல் பர்லினிலும் கடைசிப் பர்லினிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. ஷீட்டுகள் சேரும் மேட்டில் மட்டும் எல்லாப் பர்லினிலும் ஒன்று, இடையில் சிறிய ஸ்க்ரூ இன்னும் ஒன்று. டிரில்லை மெதுவான வேகத்தில் நேராகப் பிடித்து, வாஷரின் ரப்பர் தொப்பியின் ஓரத்தில் லேசாக எட்டிப் பார்க்கும்போது நிறுத்துங்கள். இன்னும் ஒரு சுற்று சுற்றினால் ரப்பர் பிதுங்கிப் போகும், ஷீட்டின் மேடும் அமுங்கி அங்கே குழி விழும். முதல் பத்து ஸ்க்ரூவைக் கையால் முடிப்பது நல்லது, எவ்வளவு இறுக்கம் என்று விரலுக்குப் பழகிவிடும்.

மேலே ஏற வேண்டியிருந்தால் ஸ்க்ரூ வரிசை தெரியும் இடத்தில், பர்லின் மேல் மட்டும் கால் வையுங்கள். பாலிகார்பனேட் மேல் எப்போதும் ஏறாதீர்கள். வேலை முடிந்த மாலையே மென்மையான துடைப்பத்தால் ஸ்க்ரூ துளைத்த இரும்புத்தூளை முழுக்கத் தள்ளிவிடுங்கள், மறுநாள் என்று விட்டால் பனியிலேயே துரு பிடித்து வெள்ளை ஷீட்டில் கறையாக நிற்கும்.

வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போடுகிறவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். சுவரில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, மடித்த தகடு ஒன்றை அதில் சொருகி ஷீட்டின் மேல் இறக்கி, காடியைச் சீலன்ட் போட்டு அடைக்க வேண்டும். வெறும் சிமென்டை இழைத்துவிட்டால் ஒரு கோடையில் வெடித்து, அடுத்த மழையில் சுவரோடு ஒழுகும்.

தண்ணீரும் மின்சாரமும்

இந்தக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 130 லிட்டர் சொச்சம். ஒரே ராத்திரியில் 10 செ.மீ. கொட்டுவது நமக்குப் புதிதில்லை, அப்போது 1300 லிட்டர். அதை மண்ணில் விழவிட்டால் தூண் அடியையே அரிக்கும், இவ்வளவு பாடுபட்டுப் போட்ட அடித்தளத்துக்கு அது நியாயமில்லை. தாழ்ந்த பக்கம் பிவிசி கட்டர் (கூரைத் தண்ணீரை ஏந்தும் வாய்க்கால்) மாட்டி, 10 அடிக்கு அரை அங்குலமாவது வாட்டம் கொடுத்து, கீழே 3 அங்குலக் குழாய் விட்டு மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோங்கள். 2003-லிருந்து நம் மாநிலத்தில் இது எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்பதால் குழி ஏற்கெனவே இருக்கும், தூர்ந்துபோய் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கட்டரை 2 அடிக்கு ஒரு கிளாம்ப் வைத்துப் பிடியுங்கள், தண்ணீர் நிறைந்த கட்டர் நாம் நினைப்பதைவிடக் கனம்.

ஃபேனும் லைட்டும் மாட்டுவீர்கள். மழை, இரும்பு, மின்சாரம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும், பெர்கோலாச் சட்டத்தையும் வீட்டு எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

முதல் பெருமழையில் ஒரு நாற்காலி போட்டுக் கீழே உட்காருங்கள். சொட்டும் இடத்துக்கு நேர் கீழே தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். காய்ந்த பிறகு மேலே பார்த்தால் அநேகமாக ஒரு ஸ்க்ரூ கோணலாக ஏறியிருக்கும், அல்லது பர்லினைப் பிடிக்காமல் ஓரத்தில் நழுவியிருக்கும். அதைக் கழற்றி, ஒரு சைஸ் தடித்த ஸ்க்ரூவைப் புது வாஷரோடு போடுங்கள். எனக்கு இரண்டு இடத்தில் சொட்டியது, இரண்டும் அப்படிச் சரியானவைதான். அதற்குப் பிறகு வருடா வருடம் புரட்டாசி கடைசியில் ஒருமுறை ஏறி, வாஷர் வெடித்திருக்கிறதா, கட்டரில் வேப்பிலை அடைத்திருக்கிறதா, தூண் அடியில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன், அரை மணி நேரம் ஆகிறது.